வீட்டின் தூய்மை யாருடைய கடமை?

 

ஷஅபான் மாதம் பாதியைக் கடந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடுகிறது. பரண்மேல் இருந்த பாத்திரங்கள் கீழே இறங்குகின்றன, திரைச்சீலைகள் கழற்றப்படுகின்றன, பாய்களும் தொழுகை விரிப்புகளும் மொட்டைமாடிக்கு ஏறுகின்றன. ஓராண்டாகச் சேர்ந்த ஒட்டடையும் தூசியும் பத்து நாள்களுக்குள் வீட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். கண்ணியமிக்க ரமளானைத் தூய்மையான இல்லத்தில் வரவேற்க வேண்டும் என்னும் எண்ணம் மிக நல்லது. ஆனால் அந்தப் பத்து நாள்களின் உழைப்பு யாருடைய தோளில் ஏறுகிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். தலைநோன்புக்கு இரண்டு நாள்களே இருந்தன. உம்மா காலையிலிருந்து தனியாகவே கழுவிக்கொண்டிருந்தார்கள். குளியலறைத் தரையின் கறை எளிதில் போகவில்லை. ஏற்கெனவே ஊற்றியிருந்த ஆசிட்டின்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவிவிட்டார்கள். சற்று நேரத்தில் கண் எரிந்து, மூச்சுத் திணறி, இருமியபடி வெளியே வந்து கூடத்தில் அமர்ந்துவிட்டார்கள். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அல்லாஹ்வின் அருளால் பெரிய தீங்கு ஏதும் நேரவில்லை. ஆயினும் அவ்வாண்டின் முதல் தராவீஹை அவர்கள் நாற்காலியில் அமர்ந்துதான் தொழுதார்கள். அவர்கள் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டில் எத்தனை பேர் இருந்தோம் என்று பிறகு எண்ணிப் பார்த்தோம். வாப்பாவையும் சேர்த்து, நல்ல உடல்நலத்துடன் நான்கு பேர் இருந்தோம். ஒருவர் கையிலும் துடைப்பம் இல்லை.

அன்று எங்கள் உள்ளத்தில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். தூய்மை ஈமானோடு தொடர்புடையது என்றால், வீட்டில் ஒருவருடைய ஈமானோடு மட்டும் அது எப்படித் தொடர்புடையதாகும்?

மார்க்கம் காட்டும் வழி

தூய்மைக்கு ஈமானின் பாதி என்னும் உயர்ந்த இடத்தை நபி (ஸல்) அவர்கள் அளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த நபிமொழியை மதரஸாவில் பயிலும் சிறுவர்களும் மனப்பாடமாக ஒப்பிப்பர். நபித்துவத்தின் தொடக்கக் காலத்தில் அருளப்பட்ட அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்திலேயே ஆடைகளைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் கட்டளை வந்துவிட்டது. பாதையில் கிடக்கும், பிறருக்குத் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என நாம் அறிவோம். தெருவில் கிடக்கும் முள்ளை அகற்றுவதற்கே அத்தகைய மதிப்பு என்றால், கூடத்தில் நாம் போட்ட ஈரத்துண்டை நாமே எடுத்து உலர்த்துவதற்கு மதிப்பு இல்லாமல் போகுமா? இவற்றுள் எந்தக் கட்டளையும் பெண்களுக்கு மட்டும் உரியதாக வரவில்லை.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாருக்கான பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் அன்னையார் விடை அளித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். செருப்பைத் தைப்பதும் ஆடையின் கிழிசலைத் தைப்பதும் அப்பணிகளில் அடங்கும் என்று வேறு அறிவிப்புகள் விளக்குகின்றன. உலகத்தின் அருட்கொடையாக வந்தவர்களுக்கு வீட்டுவேலை தகுதிக்குறைவாகத் தோன்றவில்லை. நம்மில் சிலருக்கு மட்டும் அது எப்படித் தகுதிக்குறைவாகிவிட்டது?

அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் செய்தியும் நமக்குத் தெரிந்ததே. திரிகை சுற்றிச் சுற்றிக் கைகள் வருந்தியதால் ஒரு பணியாளரைத் தருமாறு தந்தையிடம் கேட்க வந்தார்கள். அவர்களுக்கும் அலீ (ரலி) அவர்களுக்கும், உறங்கச் செல்லும்போது ஓதும் தஸ்பீஹையும் தஹ்மீதையும் தக்பீரையும் நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். பெண்களுக்குப் பொறுமையைப் போதிப்பதற்கு மட்டுமே இச்செய்தியை எடுத்துரைப்போர் உண்டு. வீட்டுவேலை உடலை வருத்தும் உழைப்பு என்பதும் அதே செய்தியில்தான் இருக்கிறது. அந்தத் திக்ரைக் கணவருக்கும் சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. ஃபாத்திமா (ரலி) அவர்களின் பொறுமையை மனைவிக்கு நினைவூட்டும் கணவர், செருப்பைத் தாமே தைத்த நபியின் வழிமுறையைத் தமக்கு நினைவூட்டிக்கொள்ள வேண்டாமா?

நம் ஊர்களின் இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளில் பணிபுரிகின்றனர். அங்கே ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருந்தால், சமைப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் குளியலறையைத் தேய்ப்பதற்கும் முறை வைத்துக்கொள்கின்றனர். யாருடைய முறை என்று சுவரில் தாள் ஒட்டி வைத்திருக்கும் அறைகளும் உண்டு. அதே இளைஞர்கள் விடுமுறையில் ஊருக்கு வந்ததும் குடித்த தேநீர்க் குவளையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுகின்றனர். ஆகவே அவர்களுக்கு வேலை தெரியாது என்பதில்லை. ஊரில் அது தம்முடைய வேலை அன்று என்று எண்ணுகின்றனர். சிறுவயதில் நாம் பழக்கியதுதான் அந்த எண்ணம்.

சிறிதாயினும் தொடர்ச்சியாக

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான செயல் எதுவென்றால், அளவில் குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வணக்கத்துக்குச் சொல்லப்பட்ட இந்நெறி வீட்டைப் பேணுவதற்கும் முற்றிலும் பொருந்துகிறது. ஓராண்டின் அழுக்கைப் பத்து நாள்களில் அகற்றுவது கடினம். ஒரு நாளின் அழுக்கை அன்றே அகற்றுவதற்குக் கால்மணி நேரம் போதும்.

நம்முடைய நாள் ஐவேளைத் தொழுகையால் ஏற்கெனவே பகுக்கப்பட்டிருக்கிறது. அப்பகுப்பையே வேலைக்கும் கால அட்டவணையாக்கிக்கொள்ளலாம். ஃபஜ்ருக்குப் பின் அவரவர் படுக்கையை அவரவரே உதறி மடித்து வைக்க வேண்டும். படுக்கும் முன் விரிப்பை உதறுவதும் சுன்னத்தான பழக்கம் அல்லவா? லுஹருக்குப் பின் சமையல் மேடையும் அடுப்பும் துடைக்கப்பட வேண்டும்; எண்ணெய்ப் பிசுக்கு சூடு ஆறிய சிறிது நேரத்திலேயே எளிதாக வந்துவிடும், மறுநாள் அதைச் சுரண்டத்தான் வேண்டும். அஸருக்குப் பின் கூடமும் வாசலும். இஷாவுக்குப் பின் கழுவாத பாத்திரம் ஒன்றுகூடத் தொட்டியில் இல்லாதிருத்தல். இவ்வேலைகளில் ஒவ்வொன்றும் ஒருவர் பொறுப்பு. வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாற வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தொழுகையை ஏவுமாறு மார்க்கம் சொல்கிறது. அந்த வயதில் தன் தட்டைக் கழுவவும் தொழுகை விரிப்பை மடித்து வைக்கவும் அப்பிள்ளையால் முடியும். ஆண்பிள்ளையாலும் முடியும்.

வாரத்துக்கு ஒன்றாக, வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாளில் ஒரு பெரிய வேலையை வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் மின்விசிறிகள், மறு வாரம் குளிர்சாதனப் பெட்டி, அடுத்த வாரம் ஜன்னல்கள், அதற்கடுத்த வாரம் அலமாரி என்று சுற்றிவந்தால் ஷஅபானில் பரணைத் தவிர வேறொன்றும் மிச்சம் இராது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

அறையைத் துப்புரவு செய்யும்போது மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் ஒட்டடை, பின் மின்விசிறி, பின் அலமாரி, இறுதியில் தரை. விசிறியின் இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலின்மேல் கொட்டாது. தரையைத் துடைக்கும் நீர் கலங்கியவுடன் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஓர் அறையின் அழுக்கை அடுத்த அறைக்குப் பூசுகிறோம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் நஜீஸ் பற்றிய கவலை எப்போதும் உண்டு. சிறுநீர் பட்ட இடத்தில் ஈரத்துணியை இழுத்துத் துடைத்தால் அது மேலும் பரவும். முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு அவ்விடத்தில் தூய நீரை ஊற்றி அகற்ற வேண்டும். அத்துணியையும் தனியே அலச வேண்டும். பள்ளிவாசலில் கிராமவாசி ஒருவர் சிறுநீர் கழித்தபோது, மக்கள் அவரைக் கடிந்துகொள்ள முற்பட, நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவ்விடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றச் செய்தார்கள். நீர் ஊற்றும் முறையோடு, பிழை செய்தவரிடம் கனிவாக நடக்கும் முறையும் அதில் இருக்கிறது. கஞ்சியைக் கொட்டிவிட்ட பிள்ளையை அடிக்கக் கை ஓங்கும் நேரத்தில் அந்நிகழ்ச்சி நம் நினைவுக்கு வர வேண்டும்.

இனி எங்கள் வீட்டில் நிகழ்ந்த விபத்துக்கு வருவோம். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்படுத்தும். பிளீச்சிங் திரவத்துடன் அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் சேர்வதும் நச்சுவாயுவை உண்டாக்கும். ஒரு வேளைக்கு ஒரு பொருள் மட்டும் பயன்படுத்த வேண்டும். அதை நீரால் நன்றாக அலசிய பிறகே இன்னொன்றை நினைக்கலாம். வேலை முடியும்வரை கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கண் எரிந்தாலோ இருமல் வந்தாலோ எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு வெளியேறிவிட வேண்டும். மூச்சுத் திணறல் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆசிட்டையும் பினாயிலையும் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே கைவிட வேண்டும். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் புட்டியின் வடிவம்தான் தெரியும்.

பளிங்குத் தரையிலும் மொசைக்கிலும் ஆசிட், வினிகர், எலுமிச்சை ஆகியன படக்கூடாது. மெருகு போய்ச் சொரசொரப்பாகிவிடும், பிறகு அழுக்கு முன்னிலும் விரைவாகப் பிடிக்கும். அவற்றுக்கு இளஞ்சூட்டு நீரும் சிறிது பாத்திரம் கழுவும் திரவமும் போதும். குழாய்களில் படியும் உப்புக்கறைக்கு வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் போகும்.

இரவில் உறங்கச் செல்லும் முன் பாத்திரங்களை மூடவும், கதவுகளை அடைக்கவும், விளக்குகளை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடலாம் என்ற காரணத்தையும் விளக்கினார்கள். இன்று நம் வீட்டில் திரி விளக்கு இல்லை. எரிவாயு உருளை இருக்கிறது. எலி கடிக்கக்கூடிய ரப்பர்க் குழாயும் இருக்கிறது. ஆகவே இரவில் ரெகுலேட்டரை மூடுவதை அந்தச் சுன்னத்தின் தொடர்ச்சியாகவே கருதலாம். குழாயின்மேல் அச்சிட்டுள்ள காலக்கெடுவையும் பார்க்க வேண்டும். பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும்.

தண்ணீரின் விஷயத்தில் இரண்டு கடமைகள் உள்ளன. முதலாவது, வீணாக்காமை. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே ஒரு முத்து. அந்த ஒரு முத்து நீரில் உளூவையும், நான்கைந்து முத்து நீரில் குளிப்பையும் நபி (ஸல்) அவர்கள் நிறைவு செய்தார்கள். குழாயைத் திறந்துவிட்டபடி வாசலைக் கழுவும் நாம் இதை நினைக்க வேண்டும். அரிசி களைந்த நீரும் காய்கறி அலசிய நீரும் செடிகளுக்குப் போகட்டும். இரண்டாவது, தேங்க விடாமை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிடத் தெளிந்த நீரையே நாடி முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் போதும். எனவே வாரத்துக்கு ஒருமுறை குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, நீர் பிடித்துவைக்கும் தொட்டிகள், மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டைகள் ஆகியவற்றைக் கவிழ்க்க வேண்டும். முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு நீரில்லாமலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஆதலால் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். மேல்நிலைத் தொட்டியை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கழுவுவது நலம். அவ்வேலைக்கு ஒருவரைத் தனியாக உள்ளே இறக்கிவிடக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்கு முன் மொட்டைமாடியின் நீர்ப்போக்கிகளில் அடைந்துள்ள இலைகளை அகற்றிவிட வேண்டும். மழை தொடங்கிய பின் மாடியில் தேங்கும் நீர் முதலில் மேற்கூரையிலும் பிறகு அலமாரியில் உள்ள முஸ்ஹஃபுகளிலும் இறங்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஜன்னல் கம்பிகளை அரிக்கிறது. துருவைச் சுரண்டிவிட்டு முதற்பூச்சு அடித்து வர்ணம் பூசுவதை ஒத்திப்போட்டால், பின்னர் ஜன்னலையே மாற்ற நேரிடும்.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுத்த இடத்தில் முதலில் குளிர்ந்த நீரையே ஊற்ற வேண்டும். வெந்நீர் பட்டால் இரத்தம் உறைந்து கறை நிலைத்துவிடும். ஆடையில் பட்ட இரத்தத்துக்கும் இதுவே முறை. கழிவுகளைக் கால்வாயிலும் காலி மனையிலும் வீசாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். அல்லது ஊராட்சி, நகராட்சி வண்டியிடம் சேர்க்க வேண்டும். நம் வணக்கத்தின் எச்சம் அண்டை வீட்டாருக்குத் துர்நாற்றமாகச் சென்றடையலாகாது.

துடைப்பவரை நினைத்துக் கட்டுவோம்

வெளிநாட்டு உழைப்பில் நம்மவர்கள் ஊரில் பெரிய வீடுகளைக் கட்டுகின்றனர். ஆறு அறைகள், இரண்டு கூடங்கள், நுணுக்கமான வேலைப்பாட்டுடன் படிக்கட்டுக் கைப்பிடி. கட்டியவர் கடல் கடந்து சென்றுவிடுகிறார். முதிய தாயும் மனைவியும் அவ்வேலைப்பாட்டின் ஒவ்வோர் இடுக்கிலும் தூசி துடைத்துக்கொண்டு வாழ்கின்றனர். விருந்தினருக்கான கூடத்தில் சரவிளக்கு தொங்குகிறது; நாளில் பாதிப் பொழுதைப் பெண்கள் கழிக்கும் சமையலறையில் புகை வெளியேற ஒரு விசிறி இல்லை. வீடு கட்டும்போதே அதைத் துடைக்கப்போகிறவரிடம் கருத்துக் கேட்டிருந்தால் பல வீடுகள் வேறுவிதமாக அமைந்திருக்கும். காற்றும் வெளிச்சமும் வரும் சமையலறை, ஈரம் நிற்காத குளியலறைச் சரிவு, கை எட்டும் உயரத்தில் அலமாரி ஆகியவற்றுக்குச் செலவிடுவது வீண் விரயம் ஆகாது. யாரும் தங்காத மூன்றாம் மாடிதான் விரயம்.

வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளோருக்கும் ஒரு சொல். பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒருவர் இறந்த செய்தி நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. பிறகு விசாரித்து அறிந்ததும், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அடக்கத்தலம் சென்று தொழுதார்கள். துப்புரவு செய்பவரின் மறைவைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று மக்கள் எண்ணியதை அவர்கள் ஏற்கவில்லை. நம் வீட்டைப் பெருக்க வரும் சகோதரிக்குத் தனிக் குவளை வைத்திருந்தால், அக்குவளையை இன்று நாம் ஆராய வேண்டும். பணியாளர் மீது சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது. சுமத்தினால் நாமும் உடன் நின்று உதவ வேண்டும் என்பது நபிவழி. ரமளானுக்கு முந்தைய பத்து நாள்களில் அவருடைய வேலை இரட்டிப்பானால் கூலியும் உயர வேண்டும். முஸ்லிம் அல்லாதவராயினும் அவ்வுரிமை குறையாது.

சகோதரர்கள் சிலர், நாள் முழுவதும் வெளியே உழைத்துவிட்டு வருகிறோமே என்று கேட்கலாம். உண்மைதான்; அவ்வுழைப்பும் வணக்கமே. ஆனால் உம்மாவின் வேலைநாள் எப்போது முடிகிறது என்று அவர்களும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். கால்மணி நேரம் பாத்திரம் கழுவுவதால் எவருடைய கண்ணியமும் குறையாது. நபியின் சுன்னத்துகளில் தாடியையும் மிஸ்வாக்கையும் பேணும் நாம், குடும்பத்துக்குப் பணி செய்யும் சுன்னத்தையும் சேர்த்துக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் இப்போது இஷாவுக்குப் பிந்தைய பாத்திரங்கள் வாப்பாவின் பொறுப்பு. குளியலறை பிள்ளைகளின் முறை. எல்லா நாளும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். முறை தவறும் நாள்கள் உண்டு. கழுவிய பாத்திரத்தை உம்மா மீண்டும் கழுவும் நாள்களும் உண்டு. ஆனால் சென்ற ரமளானின் முதல் தராவீஹை உம்மா நின்று தொழுதார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களையும் உள்ளங்களையும் தூய்மையாக்குவாயாக! அவற்றைத் தூய்மையாக வைக்க உழைப்போரின் உழைப்பை ஏற்றுக்கொள்வாயாக! அவர்களுடைய சுமையில் பங்கேற்கும் மனத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.